ஏழு நாள் கெடு

விக்டோரியா காலத்து லண்டனில் ஆவிகளோடு பேசும் பெண்ணை வைத்து மர்ம நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருட்டறையிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த அறை சுலபமானது. மூலையில் திரை கட்டுவார்கள். உள்ளே 'மீடியம்' எனப்படும் அந்தப் பெண்ணை நாற்காலியில் நாடாவால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைப்பார்கள். விளக்கைத் தணித்துப் பாட்டுப் பாடுவார்கள். முடிச்சு அவிழும் சத்தமும் துணி உரசும் சத்தமும் அந்தப் பாட்டில் அமுங்கிப்போகும். பிறகு வெள்ளுடையில் 'ஆவி' வரும்.

அங்கே பயப்பட வேண்டியவள் மீடியம்தான். லண்டன் ஹாக்னியைச் சேர்ந்த மீடியம் ஃப்ளோரன்ஸ் குக் பதின்ம வயதிலேயே பேர் வாங்கியவர். 1873 டிசம்பரில் பார்வையாளர் ஒருவர் பாய்ந்து அவருடைய 'கேட்டி கிங்' ஆவியைப் பிடித்தார். 1880இல் இன்னொரு ஆவியைப் பிடித்தபோது, கையில் சிக்கியது உள்ளாடையோடு நின்ற குக். ஏமாற்று வேலைதான். ஆனாலும் அறை நிறைய ஆட்களின் முன்னால் ஒரு பெண்ணின் உடம்பின்மேல் கை வைத்துத்தான் அது நிரூபிக்கப்பட்டது. இந்த இரண்டும் ஒரே காட்சியில் தெரியவேண்டும்.

என்னைக் கேட்டால், கொலைக் கத்தியைவிடக் கூரான ஆயுதம் அந்தக் காலத்துச் சட்டம். 1890க்கு முன் இங்கிலாந்தில் பணம் கட்டிச் சேர்க்கும் நோயாளியை மனநோய் விடுதியில் அடைக்க நீதிபதியே தேவையில்லை. உறவினர் கையெழுத்திட்ட உத்தரவும், தனித்தனியே பார்த்த இரண்டு மருத்துவர்களின் சான்றிதழும் போதும். சான்றிதழில் மருத்துவர் தானே கண்ட அறிகுறியை எழுதவேண்டும். 'ஆவி என் கையைப் பிடித்து எழுதவைக்கிறது' என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பாதிரியாரின் மனைவி லூயிசா லோவ் 1870இல் அப்படித்தான் உள்ளே போனார்.

ஆவிகளை நம்பிய பாடகி ஜார்ஜினா வெல்டன் மாட்டவில்லை. 1878 ஏப்ரலில் அவர் நடத்திய அநாதை இல்லத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள்போல, பொய்ப்பெயரில் மருத்துவர்கள் அவருடைய லண்டன் வீடான டாவிஸ்டாக் ஹவுஸுக்கு வந்து பேசிப் போனார்கள். ஏற்பாடு, பிரிந்து வாழ்ந்த கணவருடையது. பிடிக்க ஆள் வந்தபோது ஜார்ஜினா தப்பினார். உத்தரவு ஏழு நாள்தான் செல்லும், அதுவரை ஒளிந்திருந்தார்.

எழுதுகிறவர்கள் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். தப்பிய கதாநாயகியை நேரே வழக்குப் போட அனுப்பிவிடுகிறார்கள். மணமான பெண் தன் பெயரில் தனியாக வழக்குத் தொடர வழிவிட்டது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமைச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1883 ஜனவரியில். ஜார்ஜினா அதுவரை காத்திருந்து மருத்துவர்கள்மேல் வழக்குப் போட்டு, 1884இல் வென்றார். 1878இல் நடக்கும் கதையென்றால் அந்த ஐந்து வருடக் காத்திருப்பும் கதைக்குள் வந்தாகவேண்டும்.