கீசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் வெந்நீர் வரவில்லை என்றாலும் போன் எனக்குத்தான் வரும். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. எங்கள் வீட்டுக் கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. அப்படிப் பார்த்துப் பார்த்தே அதன் உள் சமாச்சாரம் எல்லாம் பழகிவிட்டது. வரும் புகார்களைக் கேட்டதில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. தண்ணீரைச் சூடாக்கும் காயிலைப் புதிதாக வாங்க ஓடும் முன், கோளாறு கீசருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பல வீடுகளில் அது வெளியேதான் இருக்கும்.

அண்மையில் சித்தி கூப்பிட்டார்.

"தண்ணி சூடாவே இல்லப்பா. வெதுவெதுன்னு வருது. காயில் போயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

"சித்தி, முதல்ல சுவிட்சை அணைச்சிடுங்க. கீசருக்குள்ள தண்ணி போற பைப்புல ஒரு வால்வு இருக்கும், அதை மூடுங்க. மூடிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்க."

"திறந்துட்டேன். தண்ணி வருதே!"

"கொஞ்ச நேரம் விடுங்க. நிக்குதா?"

"எங்க நிக்குது? நல்லா வேகமாவே வருது. பச்சத் தண்ணி."

அவ்வளவுதான், கீசர் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே போகிற வழியை அடைத்த பிறகு, பைப்பில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் வழிந்து வெந்நீர்க் குழாய் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீர் எங்கிருந்தோ குறுக்கே வெந்நீர் லைனுக்குள் புகுகிறது. பெரும்பாலும், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் மிக்ஸர் குழாய்தான் அந்த இடம். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டால் இரண்டு தண்ணீரையும் பிரித்து வைக்க அதனால் முடியாது. கை ஷவரின் முனையை மட்டும் அடைத்துவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டு குழாய்களையும் திறந்தே விட்டாலும் இதே கதைதான். சித்தி வீட்டில் கார்ட்ரிட்ஜை மாற்றியதும் சரியாகிவிட்டது. கீசரை யாரும் தொடவே இல்லை.

புதிதாக மாட்டிய கீசரில், அல்லது பைப் வேலை நடந்த பிறகு, முதல் சில விநாடிகள் மட்டும் சூடாக வந்து உடனே ஆறிப்போனால் பைப்புகள் இடம் மாறிவிட்டனவா என்று பாருங்கள். நீல வளையம் உள்ளே போகும் தண்ணீருக்கு, சிவப்பு வெளியே வரும் வெந்நீருக்கு. குளிர்ந்த தண்ணீர் தொட்டியின் அடியில் புக வேண்டும், சூடானது மேலிருந்து வெளியேற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மேலே நல்ல வெந்நீர் இருக்க, அடியில் உள்ள ஆறிய தண்ணீர்தான் குழாய்க்கு வரும்.

"சூடாக ரொம்ப நேரமாகிறது" என்பார்கள். எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்ற கணக்கு தெரிந்தால்தான் அது புகாரா இல்லையா என்று சொல்ல முடியும். 15 லிட்டர் தொட்டி, 2000 வாட் காயில், 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரிக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 18 நிமிடம் பிடிக்கும். அதே காயிலோடு 25 லிட்டர் என்றால் அரை மணி நேரம். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும். இதைவிட மிக அதிகமாக இழுத்தால் மின்னழுத்தம் குறைவாக வருகிறதா என்று பார்க்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், வெந்நீர் தயாராக ஒன்றரை மடங்குக்கும் மேல் நேரம் ஆகும்.

சுத்தமாகச் சூடே இல்லை என்றால் விளக்குகளைக் கவனியுங்கள். பல கீசர்களில் இரண்டு இருக்கும்: ஒன்று கரண்டு வருகிறது என்று சொல்ல, இன்னொன்று காயிலுக்குக் கரண்டு போகிறது என்று சொல்ல. முதல் விளக்கே எரியவில்லை என்றால் பிளக், சுவிட்ச், எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்டு ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது எரிந்து, தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே இரண்டாவது அணைந்திருந்தால், வைத்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டோ, கட்-அவுட்டோ வழியை மறித்திருக்கிறது. இரண்டும் எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால்தான் காயில் மேல் சந்தேகம் வர வேண்டும். மெயினை அணைத்து, வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், நல்ல நிலையில் உள்ள 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். அறுந்த காயில் எதையும் காட்டாது.

கட்-அவுட் என்பது, தெர்மோஸ்டாட் சொன்ன பேச்சு கேட்காமல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டைத் துண்டிக்கிற பாகம். பலவற்றில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். கரண்டை அணைத்துவிட்டு அதை அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். திரும்பவும் துண்டித்தால் அதற்கு மேல் அழுத்தக் கூடாது. பெரும்பாலும் உள்ளே தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு, அது அணையவே இல்லை என்று அர்த்தம். குழாயிலிருந்து ஆவியும் தண்ணீரும் சேர்ந்து சீறி வருவதும் இதற்கு அடையாளம்தான்.

ஷாக் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. ஷவர் தண்ணீரில் லேசாக ஜிவ்வென்று இழுத்தாலும், குழாயைத் தொடும்போது விரல் நுனி சுரீரென்றாலும், அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "அணைச்சிட்டுக் குளிச்சா ஒண்ணும் ஆகல" என்று சிலர் நாள் கடத்துவதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. காயிலை மூடியிருக்கும் உலோகக் குழாய் வெடித்துக் கரண்டு தண்ணீருக்குள் கசிகிறது. அதோடு அந்த வீட்டு எர்த்தும் சரியில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் ஷாக் அடிக்கும், அதனால் இரண்டையுமே சரிசெய்ய வேண்டும். கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசருக்கு முன் அதைப் போடச் சொல்வேன். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. தொல்லையாக இருக்கிறதென்று அதைத் தாண்டி நேராக வயர் இழுத்துக் கொடுக்க யாரையும் விடாதீர்கள். போட்ட உடனே விழாமல் சில நிமிடம் கழித்து விழுந்தாலும் காயில்தான் சந்தேகத்துக்குரியது. சூட்டில் விரிசல் விரிந்த பிறகு கசிவு தொடங்கும். இதற்கு மல்டிமீட்டர் போதாது, 500 வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மெகர் என்ற கருவி வேண்டும்.

பிளக்கையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். பிடிமானம் தளர்ந்த சாக்கெட்டில் அவ்வளவு கரண்டு தொடர்ந்து ஓடினால் பின்கள் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகிவிடும். பிளக்கில் கருகல் வாசனை வந்தால் சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரை மாட்டவே கூடாது.

இனி, நான் அதிகம் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கீசருக்கு அடியில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். கீசர் ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். உடனே "லீக் ஆகுது" என்று பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அவரும் டேப் சுற்றி, ஒரு மூடியைத் திருகி, சொட்டை நிறுத்திக் காட்டிவிட்டுப் போவார். நண்பர் ஒருவர் வீட்டில் வால்வின் வாயில் ஒரு போல்ட்டே முறுக்கியிருந்தது. அழுத்தித் திருகி, மேலே பசை வேறு. அதைக் கழற்றி எடுக்கும் வரை அவர் குழந்தைகளை அந்தக் குளியலறைக்குள் விட வேண்டாம் என்று சொன்னேன்.

தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி கூடிவிடும். அது வந்த வழியே திரும்பிப் போகாதபடி நான்-ரிட்டர்ன் வால்வு தடுத்து நிற்கும். அப்படியானால் அந்த 200 மில்லி எங்கே போகும்? சேஃப்டி வால்வு வழியாக வெளியேறுகிறது. சூடாகும்போது சொட்டினால், ஆறியதும் நின்றுவிட்டால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒரு மெல்லிய டியூபை மாட்டித் தரைச் சல்லடை வரை விட்டுவிடுங்கள். அந்த டியூபின் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் கைவிட்டால், மிச்சம் இருப்பது இந்த வால்வு மட்டும்தான். அதுவும் இல்லை என்றால் அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். தொட்டி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். குளியலறைச் சுவரே தாங்காது.

கீசர் அணைந்து, ஆறிய பிறகும் வால்வு சொட்டிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். வால்வின் வாயில் மணலோ உப்புத் துணுக்கோ சிக்கியிருக்கலாம். வால்வில் சின்ன லீவர் இருந்தால் அதைத் தூக்கி ஒரு நிமிடம் தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் புது வால்வு போட வேண்டும், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படியும் சில மாதத்துக்கு ஒருமுறை அந்த லீவரைத் தூக்கிவிடுவது நல்லது. அசையாமலே கிடக்கும் வால்வு உப்புப் பிடித்து இறுகிவிடும்.

அழுகிய முட்டை நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தால், தொட்டிக்குள் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியா, மெக்னீசியம் ஆனோடு ராடோடு (தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் தண்டு) சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகிறது. கீசரை 60 டிகிரிக்கு மேல் வைத்துச் சில மணி நேரம் ஓட்டி, அந்தத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டால் குறையும். விடாமல் திரும்பி வந்தால் துத்தநாகம் கலந்த அலுமினிய ராடுக்கு மாறலாம். தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் பச்சைத் தண்ணீரையும் ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் மேல்தொட்டியையும் பைப்பையும் பார்க்க வேண்டும். வெந்நீரில் மட்டும் என்றால் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பற்றவில்லை என்றால் பேட்டரியும் தண்ணீர் வேகமும்தான் முதல் சந்தேகம். தண்ணீர் மெதுவாக வந்தால் அது பற்றாது. ஆனால் அதைவிட முக்கியம், சுடர் நீலமாக இருக்க வேண்டும், புகை கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அது இருக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து, கேஸை மூடிய பிறகுதான் வேறு யோசனை.

கடைசியாகச் சத்தம். கீசர் ஓடும்போது உள்ளே படபடவென்று பொரிகிற மாதிரி கேட்டால் உப்பு படிந்திருக்கிறது. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு பட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது காயில் மேலேயே ஒட்டும். அந்த ஓட்டுக்கு அடியில் சிக்கும் தண்ணீர் கொதித்து வெடிப்பதுதான் அந்தச் சத்தம். சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் காயில் தன் சூட்டிலேயே வெந்து அறுந்துபோகும். 60 டிகிரிக்கு மேலே வைத்தால் படிவு வேகமாகச் சேரும். 60 டிகிரித் தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் சுமார் 5 விநாடியில் ஆழமான புண்ணாகிவிடும் என்பதால், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் குழாயில் கலந்து தணித்துத்தான் விட வேண்டும். அதற்காகத் தொட்டியையே 40 டிகிரியில் வைத்துவிடாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா அந்தச் சூட்டில்தான் பெருகும்.

நான் திறந்து சுத்தம் செய்யும்போது முதலில் மெயினை அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் ஆறும் வரை காத்திருப்பேன். வால்வை மூடித் தொட்டியை வடித்த பிறகு அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றினால் காயிலும் ஆனோடு ராடும் சேர்ந்து கீழே இறங்கும். காயில் மேல் வெள்ளைப் படிவு விரல் தடிமனுக்கு நின்றிருக்கும். தட்டினால் ஓடு ஓடாக உதிரும். மிச்சத்தை வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரிலோ ஊறவைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். கழிப்பறை ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையே தின்றுவிடும். தொட்டியின் உள்பூச்சில் கீறல் விழக் கூடாது என்பதால் சுரண்டுவதற்கு மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் மட்டுமே.

ராடைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிதில் வழவழப்பான தடித்த தண்டாக இருப்பது, தொட்டிக்குப் பதில் தானே அரிபட்டு, குழி விழுந்து மெலிந்திருக்கும். நடுவில் உள்ள கம்பி வெளியே தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். ராடு தீர்ந்த பிறகும் ஓடும் கீசரில் துரு அடுத்துப் பிடிப்பது தொட்டியைத்தான். தொட்டியே ஓட்டை விழுந்து கசியத் தொடங்கினால் வெல்டிங் வைத்துப் பயனில்லை, புதிது வாங்க வேண்டியதுதான்.

மூடும்போது, கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எர்த் வயர் திரும்ப மாட்டியாகிவிட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அப்புறம் தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயையும் திறந்து, காற்று புஸ்புஸ் என்று வெளியேறித் தண்ணீர் சீராக வரும் வரை காத்திருங்கள். அதற்கு முன் சுவிட்சைப் போட்டால் காயில் வெறும் தொட்டியில் எரிந்து கருகிவிடும். ஒரு தடவை முழுக்கச் சூடாக்கி முடித்ததும் அடித்தட்டைச் சுற்றி ஒரு காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் கசியாத கேஸ்கட் சூட்டில் கசிவதுண்டு.