மெண்டல்சனோட எலியா
மெண்டல்சனோட 'எலியா' ஆரட்டோரியோல (நடிப்பு இல்லாம, பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேந்து பைபிள் கதைய பாட்டாவே சொல்ற பெரிய இசைப் படைப்பு) பாரிடோன், அதாவது நடுத்தர கனமுள்ள ஆண் குரல், பாடுற 'இட் இஸ் இனஃப்' கேட்டிருக்கீங்களா? இல்லன்னா இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு கேளுங்க ப்ளீஸ். ராணி யேசபேல் துரத்த, வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்கு அடியில உக்காந்து 'போதும் கர்த்தாவே'ன்னு தீர்க்கதரிசி எலியா சொல்ற இடம், பைபிள்ல 1 இராஜாக்கள் 19. கார்மேல் மலையில பாகால் தீர்க்கதரிசிகள அத்தனை பேருக்கு முன்னாடி ஜெயிச்ச அதே மனுசன்! முதல்ல செல்லோ (வயலின் மாதிரியே, ஆனா பெருசா தாழ்ந்த சுருதியில ஒலிக்கும்) அந்த மெட்ட மெதுவா இழுத்து வாசிக்கும், அப்புறம்தான் குரல் அதே மெட்டுல வந்து சேரும், அங்கயே எனக்கு தொண்டை அடைச்சிடும். நடுவுல திடீர்னு வேகம், கர்த்தருக்காக எவ்வளவு வைராக்கியமா இருந்தேன்னு கோவமா கத்துற மாதிரி ஆர்க்கெஸ்ட்ராவும் சேந்து கொதிக்கும், அப்புறம் எல்லாம் அடங்கி மறுபடியும் அந்த 'போதும்', ஆனா இப்ப கேக்கும்போது அந்த ஆளுகிட்ட தெம்பே மிச்சமில்லைன்னு புரியும். பாஹ் இயேசுவோட பாடுகள வச்சு எழுதின யோவான் பாஷன்ல வர்ற ஒரு ஆரியாவோட (தனிக்குரல் பாட்டு) சாயல் இதுல நல்லாவே தெரியும்.

1846 ஆகஸ்ட்ல பர்மிங்ஹாம் டவுன் ஹால்ல மெண்டல்சனே கண்டக்ட் பண்ணி முதல் தடவ அரங்கேறினப்ப, நாலு கோரஸும் (கூட்டுக்குரல் பாட்டு) நாலு ஆரியாவும் ஜனங்க கேட்டு திரும்பப் பாட வேண்டியதாச்சாம். அடுத்த வருசமே மனுசன் போயிட்டாரு, வயசு 38தான்.

பிரின் டெர்ஃபெல் பாடினது கம்பீரம், ஆனா என் ஓட்டு ஃபிஷர் டீஸ்காவுக்குத்தான், கடைசி வரிகள்ல அவர் குரல எவ்வளவு சின்னதாக்குறார்னு கவனிங்க.