இடது கியர் மட்டும் ஏன் தாமதம்?

நாலு வருஷம் விமானத் தகடு வேலையில் இருந்துவிட்டுத்தான் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு), லேண்டிங் கியர் (விமானத்தின் சக்கரக் கால்கள்) பயிற்சிக்குப் போனேன். தகட்டில் பழுது என்றால் கண்ணுக்குத் தெரியும். விரிசல் இருக்கும், இல்லையென்றால் ரிவெட் ஆடும். இங்கே பழுது குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஸ்பேனரையே கையில் தரவில்லை. மேசை நிறைய ஒரு வரைபடத்தை விரித்து, கலர் பென்சில்களைக் கொடுத்தார் பயிற்சியாளர். "கியர் லிவரை மேலே தூக்கினா எண்ணெய் எந்த வழியாப் போகுது, எந்த வழியாத் திரும்புது, ரெண்டையும் வரைங்க தம்பி." போகும் வழியை எல்லோரும் வரைந்துவிட்டோம். திரும்பும் வழியில் பாதிப் பேர், எண்ணெயை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பிவிடும் செலக்டர் வால்விலேயே நின்றுவிட்டோம். நானும்தான்.

அடுத்தது எண்ணெய். பெரிய பயணி விமானங்களில் ஓடுவது ஸ்கைட்ரால் வகை, ஊதா நிறம், எளிதில் தீப்பிடிக்காது. சின்ன விமானங்களிலும், சக்கரக் காலில் அடியைத் தாங்கும் ஸ்ட்ரட்கள் பலவற்றிலும் இருப்பது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. கனிம எண்ணெய்க்கான நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (வளைய வடிவ சீல்) ஒன்றை ஸ்கைட்ரால் இருந்த டப்பாவில் போட்டு மூடி வைத்தார். மறுநாள் எடுத்துப் பள்ளத்தில் மாட்டச் சொன்னார். உப்பி, நெகிழ்ந்து, எப்படி அழுத்தினாலும் ஒரு பக்கம் வெளியே எழும்பி நின்றது. அன்றிலிருந்து எந்த சீல் உறையைப் பிரித்தாலும் முதலில் பார்ட் நம்பரைத்தான் படிக்கிறேன். ஸ்கைட்ரால் பட்ட கையுறையோடு ஒரு தடவை இமையைச் சொறிந்தும் பார்த்துவிட்டேன். கால் மணி நேரம் தண்ணீரில் கண்ணைக் கழுவிய பிறகும் எரிச்சல் போகவில்லை.

பாதுகாப்புப் பாடத்தில் மனதில் நின்றது ஒரு அட்டைத் துண்டு. கசிவைத் தேட ஒருபோதும் விரலை வைக்கக் கூடாது. 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது, ஆனால் அது அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய அவசரம். அதனால் குழாயோரம் அட்டையை நகர்த்திப் பார்ப்போம். அப்புறம், தரையில் கியர் மடங்கிவிடாமல் பூட்டி வைக்கும் கியர் பின்கள். சிவப்பு நாடா தொங்கும் மூன்று பின்கள், போடும்போதும் எடுக்கும்போதும் வாய்விட்டு எண்ண வேண்டும்.

நான் நிஜமாகவே திகைத்தது அக்யுமுலேட்டர் பாடத்தில். அது, பம்ப் நின்றாலும் பிரேக் பிடிக்க அழுத்தத்தோடு எண்ணெயைச் சேமித்து வைக்கும் ஒரு உருளை. உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். பம்பை நிறுத்திவிட்டு, எண்ணெய்ப் பக்கத்து கேஜைக் காட்டி, "இதுல நைட்ரஜன் எவ்வளவு இருக்கு, சொல்லு" என்றார். "நைட்ரஜன் வால்வுல தனி கேஜ் மாட்டணும் சார்" என்றேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒவ்வொரு மிதிக்கும் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 2700, 2300, 1800. 1000 பக்கம் வந்ததும், அடுத்த மிதியில் முள் சட்டென்று பூஜ்ஜியத்தில் விழுந்தது.

"எங்கிருந்து விழுந்துச்சு?"

"ஆயிரத்திலிருந்து சார்."

"அதுதான் உன் நைட்ரஜன்."

எண்ணெய் உள்ளே இருக்கும் வரை நைட்ரஜன் அதை அழுத்துகிறது, கேஜும் அந்த அழுத்தத்தைக் காட்டுகிறது. கடைசிச் சொட்டு எண்ணெய் வெளியேறியதும் பிஸ்டன் முட்டி நின்றுவிடும். அழுத்த ஆள் இல்லை, முள் விழுகிறது. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் விடை வந்துவிட்டது. அதன் பிறகு எதைத் தொடுவதற்கு முன்னும், "முள் எங்கே நிக்கும்?" என்று கேட்டு எங்களை எழுத வைப்பார். பதில் எழுதாமல் ஸ்பேனரை எடுத்தால் வாங்கி வைத்துவிடுவார்.

ஏழாவது வாரம் விமானத்தை ஜாக்கில் ஏற்றி, தரை ஹைட்ராலிக் வண்டியை இணைத்து, கியர் ஏற்றி இறக்கும் சோதனை. எங்கள் நாலு பேர் குழுவுக்கு ஒரு புகார்த் தாள்: "கியர் மேலே போனபின் விளக்குகள் அணைய அதிக நேரம் ஆகிறது." ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தோம். ஆமாம், மேனுவல் சொல்லும் நேரத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கேஜில் 3000 நிற்கிறது, கியர் நகரும்போது மட்டும் குறைகிறது. பம்ப் போதிய எண்ணெய் தள்ளவில்லை என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். ஃபில்டரைக் கழற்றினோம், சுத்தமாக இருந்தது. வண்டியின் ஓட்ட அளவைச் சரிபார்த்தோம், சரியாக இருந்தது. செலக்டர் வால்வை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மதியம் ஆகிவிட்டது.

பயிற்சியாளர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாராவது கீழே நின்னு கியரைப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை! நாலு பேரும் காக்பிட் விளக்கையும் கேஜையுமே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு, சக்கரம் எதுவும் எட்டாத தூரத்தில், ஆரஞ்சுக் கோட்டுக்கு வெளியே நின்று மறுபடி ஏற்றச் சொன்னேன். வலது கியர் சரசரவென்று உள்ளே போனது. இடது கியர் சாவகாசமாக அதன் பின்னே போனது. அவ்வளவுதான் விஷயம். பம்பும் ஃபில்டரும் செலக்டர் வால்வும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவற்றில் கோளாறு என்றால் வலதும் தாமதித்திருக்கும். அரை நாள் நாங்கள் குடைந்தது எல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

மிச்சம் இருந்தது இடது கியரை ஏற்றி இறக்கும் ஆக்சுவேட்டர், அதன் குழாய்கள், அல்லது மூட்டில் எங்காவது இறுக்கம். கியரை இறக்கி, பின் போட்டு, அழுத்தத்தை முழுக்க வெளியேற்றினோம். ஆக்சுவேட்டரின் 'மேலே' பக்கக் குழாயைக் கழற்றி அதன் வாயை மூடிவிட்டு, ஆக்சுவேட்டர் துளைக்குக் கீழே ஒரு அளவு ஜாடியை வைத்தோம். இப்போது 'கீழே' பக்கம் அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் ஏற்கெனவே கடைசியில் நிற்கிறது, எண்ணெய் போக வேறு இடம் இல்லை. சீல் நன்றாக இருந்தால் ஜாடியில் சில சொட்டுதான் விழ வேண்டும். அதை எழுதியும் வைத்தேன். அழுத்தம் ஏறியது. முதலில் சொட்டு, பிறகு சொட்டுகள் இணைந்து ஒரு ஊதா நூல். நூல் அறுபடவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் சீலில் பிளேடால் வெட்டிய தடம் இருந்தது. பயிற்சியாளரே வெட்டி வைத்ததுதான்.

வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் உள்ளுக்குள்ளேயே இப்படிக் கசியும் என்பது அதுவரை எனக்கு ஏட்டுப் பாடம்தான்.

மின்சாரப் பக்கம் வேறு மாதிரி எரிச்சல். கியர் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காக்பிட்டுக்குச் சொல்லும் டவுன் லாக் சென்சார் ஒன்று சில நேரம் பச்சை காட்டும், சில நேரம் காட்டாது. சென்சாரை மாற்றினோம், சரியானது. கையெழுத்துப் போடப் போனபோது, "பழசைத் திரும்ப மாட்டு" என்றார். மாட்டினோம், பழசும் வேலை செய்தது! மாற்றும்போது வயரை அசைத்ததுதான் வைத்தியம். கியர் மடங்கும் மூட்டருகே உறைக்குள் இழை அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. பார்ட்டை மாற்றியதும் கோளாறு போனால் பார்ட்தான் குற்றவாளி என்று நினைப்பவர்களிடம் இதைச் சொன்னால் நேர விரயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஸ்ட்ரட்டிலும் இதே ஏமாற்று உண்டு. பளபளக்கும் குரோம் பகுதியின் நீளம் குறைந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சரிசெய்துவிடத் தோன்றும். குறைந்தது எண்ணெயாக இருந்தால் நீளம் மட்டும் சரியாகத் தெரியும், தரையிறங்கும் அடியைத் தாங்க ஆள் இருக்காது.

கடைசித் தேர்வில் எனக்கு வந்த தாள்: "முன் கியர் மேலே போகத் தாமதம்." ஐந்து முறை ஏற்றி இறக்கினேன். ஐந்தும் மேனுவல் நேரத்துக்குள். கசிவு இல்லை, இறுக்கம் இல்லை, சென்சார் இடைவெளி சரி. எதையாவது கழற்றக் கை அரித்தது. ஆனால் இந்த முன் கியர் முன்பக்கமாக மடங்குவது. பறக்கும்போது காற்றை எதிர்த்துத்தான் மேலே போக வேண்டும், ஜாக்கில் அந்தக் காற்று இல்லை. ஐந்து நேரங்களையும் எழுதி, "தரையில் கோளாறு காணப்படவில்லை, காற்றின் சுமை சோதிக்கப்படவில்லை, புகார் வந்தபோது இருந்த வேகம் தேவை" என்று முடித்தேன்.

தாளை இரண்டு முறை படித்தார். பாஸா என்று சொல்லவில்லை. "பின் போட்டாச்சா?"

"மூணும் போட்டாச்சு சார்."

குனிந்து அவரே ஒருமுறை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.