ஃபாரஸ்ட் நிலத்துல கிடந்த பழைய குப்பைமேட்டை அள்ள பணம் புரட்டின கதை

எங்க ஊரு கோயம்புத்தூர் பக்கம் மலையடிவாரத்துல இருக்கற ஒரு சின்ன பேரூராட்சி. குப்பையைப் பிரிக்கற வளம் மீட்பு பூங்கா எல்லாம் வர்றதுக்கு முன்னாடி பல வருஷமா ஊர்க்குப்பை பூராத்தையும் டிராக்டர்ல ஏத்திட்டுப் போயி ரிசர்வ் ஃபாரஸ்ட் ஓரத்துல இருக்கற ஒரு பள்ளத்துலதான் கொட்டினாங்க, யாரும் கேக்கலை, அப்புறம் கொட்டறதை நிறுத்துனாங்க, ஆனா கொட்டினது அங்கயேதான் கிடந்துச்சு. மேல உண்ணிச்செடி மூடிருச்சு, தூரத்துல இருந்து பாத்தா கரடு மாதிரியே இருக்கும். மழை வந்தா அடியில அரிச்சு கவர் கவரா பள்ளத்துல இறங்கி கீழ குட்டைக்குப் போகும்.

யானை அங்க வர்றது உப்புக்கும் அழுகின பழத்துக்கும்தான்னு சொல்வாங்க. கொட்டறதை நிறுத்தின பிறகும் பன்னி கிளறிக் கிளறி பழசை மேல கொண்டாந்துட்டே இருந்ததால யானை பழக்கத்தை விடலை. ஒருநாள் ரேஞ்சர் காஞ்சு கிடந்த ஒரு யானைச் சாணத்தை குச்சியால பிரிச்சுக் காட்டினாரு. பால் கவர் மூலை, மசாலா பொடி பாக்கெட், நாப்கினோட மேல் தாள், ஒரு ரப்பர் பேண்ட். பாக்கெட்ல பேரு கூட படிக்கற மாதிரி இருந்துச்சு. 2025 மே மாசம் மருதமலை பக்கம் செத்த கர்ப்பிணி யானையோட வயித்துல பிளாஸ்டிக் இருந்ததுன்னு நியூஸ் வந்துச்சில்ல, அதுக்கப்புறம்தான் எங்க ஊர்லயும் இதைப்பத்தி நாலு பேர் சத்தமா பேச ஆரம்பிச்சாங்க, எங்க டிரஸ்ட்டும் இதுல இறங்கினது அப்பதான்.

குப்பையை அள்ளணும்னு எல்லாருக்கும் ஆசைதான், யாரும் வேண்டாம்னு சொல்லலை. பேரூராட்சி ஆபீஸ்ல போயி கேட்டா ஈ.ஓ., அதாவது செயல் அலுவலர், நல்லா உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்து சொல்றாரு, "தம்பி, குப்பை எங்களதுதான், ஒத்துக்கறேன், ஆனா நிலம் ஃபாரஸ்ட் நிலம், வேற டிபார்ட்மெண்ட் நிலத்துல நான் பத்து ரூபா செலவு பண்ணாலும் லோக்கல் ஃபண்ட் ஆடிட்ல அப்ஜெக்ஷன் போட்டு என் ரிட்டயர்மெண்ட் பணத்துல பிடிப்பாங்க." சரின்னு ரேஞ்ச் ஆபீஸ் போனா அங்க, "நிலம் எங்களதுதாங்க, ஆனா குப்பை யாரு போட்டது, போட்டவங்களே எடுக்கட்டும், நாங்க கேஸ் போடாம இருக்கறதே பெருசு." ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான், அதுதான் கொடுமை.

இந்த இடத்துல நிறைய பேர் நேரா பசுமைத் தீர்ப்பாயம் போயிடறாங்க. எங்களுக்கும் ஒரு வக்கீல் அதைத்தான் சொன்னாரு. போனா ஆர்டர் கிடைக்கும், சந்தேகமில்லை, ஆனா ரெண்டு டிபார்ட்மெண்டும் பதில் மனு போடறப்ப அவங்கவங்க தப்பிக்கற மாதிரிதான் எழுதுவாங்க, ஒருதடவை பேப்பர்ல "இது எங்க பொறுப்பு இல்லை"ன்னு எழுதிட்டா அப்புறம் அதே ஆபீஸ் அதே வேலைக்கு பணம் கேட்டு எப்படி எழுதும்? அதனால நாங்க போகலை. கேஸ் போடாததுக்கு எங்களை திட்டினவங்க இப்பவும் இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனு கொடுத்தோம், அதுல "குப்பையை அகற்றவும்"னு எழுதலை. "நிலத்தையும் குப்பையோட அளவையும் கூட்டா அளந்து அறிக்கை கொடுக்கவும்"னு மட்டும்தான் எழுதினோம். பழைய ஹெட்கிளார்க் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த ஐடியா அது, அகற்றுன்னு எழுதினா "நிதி இல்லை"ன்னு ஒரு வரில பதில் போட்டு ஃபைலை மூடலாம், அளன்னு எழுதினா அளந்துதான் ஆகணும், செலவும் இல்லை. சொன்ன மாதிரியே தாலுகா சர்வேயர், வி.ஏ.ஓ., ஃபாரஸ்டர், பேரூராட்சி சுகாதார மேற்பார்வையாளர் எல்லாரும் ஒரே நாள்ல வந்தாங்க. சங்கிலி போட்டு அளந்து பாத்தா மேட்டோட ஒரு ஓரம் ஓடைப் புறம்போக்கு, பாக்கி பூரா ரிசர்வ் ஃபாரஸ்ட். எல்லைக் கல்லு ஒண்ணு குப்பைக்குள்ளயே புதைஞ்சு கிடந்துச்சு, அதைத் தோண்டி எடுத்தப்ப ஃபாரஸ்டர் மூஞ்சியில வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே.

அந்த ஜாயிண்ட் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல கடைசில ஒரு வரி. குப்பை பேரூராட்சியால கொட்டப்பட்டது, அதை அகற்ற வனத்துறைக்கு ஆட்சேபணை இல்லை, அகற்றின பிறகு நிலம் வனத்துறை பராமரிப்புலயே இருக்கும். அவ்வளவுதான். ஈ.ஓ. பயந்த ஆடிட்டுக்கு அந்த ஒரு வரிதான் பதில். அதுல நாலு பேரோட கையெழுத்தையும் வாங்கறதுக்குத்தான் நாய் படாத பாடு பட்டோம், ஒருத்தர் லீவு, ஒருத்தர் டிரான்ஸ்பர், புதுசா வந்தவர் மறுபடி இடத்தைப் பாக்கணும்னாரு.

அடுத்தது எவ்வளவு குப்பைங்கற கணக்கு. இதை யாரும் கண்ணளவுல எழுதிக் கொடுத்துடாதீங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பழைய குப்பைக்குன்னு 2019ல ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, பணம் கொடுக்கற யாரா இருந்தாலும் அதைத்தான் பாப்பாங்க. பக்கத்துல இருக்கற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் சிவில் டிபார்ட்மெண்ட்ல பேசி ட்ரோன் விட்டு மேட்டோட கன அளவு எடுத்தோம் (ரிசர்வ் ஃபாரஸ்ட்ல ட்ரோன் பறக்க தனியா டி.எஃப்.ஓ., அதாவது மாவட்ட வன அலுவலர், பெர்மிஷன் வேணும், அது ஒரு தனி ஃபைல்), அப்புறம் மூணு நாலு இடத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி வெட்டி வந்ததை எடை போட்டு, சலிச்சு, மண்ணு எவ்வளவு பிளாஸ்டிக் எவ்வளவு கல்லு எவ்வளவுன்னு பிரிச்சாங்க. பாதிக்கு மேல மண்ணுதான். மொத்தம் சுமாரா 4,000 டன். ஊர்ல "பத்தாயிரம் லோடு இருக்கும்"னு சொல்லிட்டு இருந்தவங்களுக்கு இந்த நம்பர் ரொம்ப ஏமாத்தமா போச்சு.

இப்பதான் பணம். முதல்ல எல்லாரும் சொல்ற மாதிரி கேம்பா நிதியைக் கேட்டோம், காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுக்கறவங்க கட்டற பணம் சேர்ற இடம் அது, 2016 சட்டப்படி நடக்குது. வருஷத் திட்டத்துல முன்கூட்டியே சேர்த்து மேல ஒப்புதல் வாங்கின வேலைக்குத்தான் அது வரும், மரம் நடறது காட்டை மீட்கறதுதான் அதுல பிரதானம், ஊர்க்குப்பை அள்றதுக்கு அதுல தலைப்பு இல்லைன்னு டி.எஃப்.ஓ. ஆபீஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, ஆனா குப்பை எடுத்த இடத்துல நாட்டு மரம் வெக்க கேக்கலாம்னாங்க, அதை குறிச்சு வெச்சுக்கிட்டோம். எம்.எல்.ஏ. தொகுதி நிதி கேட்டா அது ஏதாவது சொத்தா கட்டற வேலைக்குத்தான், இல்லாம ஆக்கற வேலைக்கு இல்லைன்னாங்க. நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு நாம போட்டா மீதி அரசு போடும், ஆனா நிலம் ஃபாரஸ்ட் பேர்ல இருக்கறதைப் பாத்துட்டு எங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

கடைசில கதவு திறந்தது தூய்மை இந்தியா 2.0ல. 2021 அக்டோபர்ல தொடங்கின நகர்ப்புற திட்டம் அது, பழைய குப்பைமேட்டை அள்றதுன்னே அதுல ஒரு தலைப்பு இருந்துச்சு, பேரூராட்சியும் அதுல வந்துச்சு. கணக்கு என்னன்னா டன்னுக்கு 550 ரூபாய்னு வெச்சு மொத்த செலவு போட்டாங்க, ஒரு லட்சத்துக்குக் கீழ ஜனத்தொகை இருக்கற ஊருக்கு அதுல பாதி மத்திய அரசு பங்கு, மீதி மாநிலமும் உள்ளாட்சியும். எங்க 4,000 டன்னுக்கு 22 லட்சம், அதுல 11 லட்சம் மத்திய பங்கு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா திட்டத்தோட கம்ப்யூட்டர் பதிவுல பாத்தா எங்க பேரூராட்சிக்கு பழைய குப்பை பூஜ்யம்னு இருக்கு! ஏன்னா கொட்டின இடம் பேரூராட்சி நிலம் இல்லை, சொந்த நிலத்துல குப்பைமேடு இல்லைன்னு எப்பவோ யாரோ எழுதி அனுப்பிட்டாங்க, அதுவும் பொய் இல்லை. இங்கதான் அந்த ஜாயிண்ட் ரிப்போர்ட் வேலை செஞ்சுது, அதையும் காலேஜ் ரிப்போர்ட்டையும் இணைச்சு, கவுன்சில்ல தீர்மானம் போட்டு, உதவி இயக்குநர் வழியா திருத்தின திட்டத்தை அனுப்பினாங்க. சேர்மன் தீர்மானத்துக்கு ஆதரவா பேசறப்ப இது அவரோட நீண்டநாள் கனவுன்னாரு. சரிங்க, கனவாவே இருக்கட்டும்.

550ங்கறது குப்பை கிடக்கற இடத்துலயே மெஷின் போட்டு சலிச்சா கட்டுப்படியாகற ரேட்டு. எங்க இடத்துல சலிக்கற ட்ராமல் மெஷின், ஜெனரேட்டர், ஷெட் எதையும் ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள நிறுத்த முடியாது, அது காடு சாராத வேலையாயிடும், அப்புறம் டெல்லி வரைக்கும் அனுமதி கேட்டுப் போகணும்னு டி.எஃப்.ஓ. சொல்லிட்டாரு. அதனால அப்படியே அள்ளி டிப்பர்ல ஏத்தி வளம் மீட்பு பூங்காவுக்குக் கொண்டு வந்து அங்க சலிக்கணும். அந்த வண்டிச் செலவு, பாதை சரி பண்ற செலவு, வேலை நேரத்துல யானை காவலுக்கு ஆள், எதுவும் 550ல அடங்காது. எஸ்டிமேட் போட்டா கிட்டத்தட்ட இன்னொரு பாதி துண்டு விழுந்துச்சு.

அந்தத் துண்டுக்குத்தான் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு நிதி. பெரிய கம்பெனிங்க கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 2% செலவு பண்ணணும்னு கம்பெனிச் சட்டம் 135வது பிரிவுல இருக்கு, சுற்றுச்சூழல் அதோட ஏழாவது அட்டவணையில நேரடியாவே வருது, அதனால தலைப்பு பிரச்சனை இல்லை. டிரஸ்ட்டுக்கு வருமான வரித்துறையோட 12ஏ, 80ஜி பதிவு, அப்புறம் சி.எஸ்.ஆர். பணம் வாங்கறதுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு நம்பர் இல்லாம எந்த கம்பெனியும் பேசவே பேசாது, இதை முதல்லயே எடுத்து வெச்சுக்கோங்க. டைமிங்கும் முக்கியம். ஏப்ரல் மே மாசம் போனா "பாக்கலாம் சார்"ம்பாங்க. டிசம்பருக்கு மேல போனா செலவாகாத பணத்தை வெச்சுக்கிட்டு அவங்களே நம்மளைத் தேடுவாங்க, ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடற வேலைன்னு போர்டுல முடிவு பண்ணிட்டா மிச்சத்தை தனிக் கணக்குல போட்டு அடுத்த மூணு வருஷத்துல செலவு பண்ணலாம்னு விதி இருக்கு, மழைக்காலத்துல நிறுத்தி நிறுத்தி நடக்கற எங்க மாதிரி வேலைக்கு அது ரொம்ப உதவுச்சு.

ஒரு பம்ப் கம்பெனி ஒத்துக்கிட்டாங்க. அவங்க ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்க டிரஸ்ட் ஃபாரஸ்ட்டுக்குள்ள வேலை செய்ய யாரு அனுமதி கொடுத்தா?" நியாயமான கேள்வி. வனத்துறை, பேரூராட்சி, டிரஸ்ட் மூணு பேரும் சேர்ந்து பத்திரத்துல ஒப்பந்தம் போட்டோம், சலிக்கற வேலை அரசுப் பணத்துல பேரூராட்சி டெண்டர், வண்டியும் பாதையும் காவலும் டிரஸ்ட் மூலமா கம்பெனி பணம், ரெண்டு பில்லும் எங்கயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. டன்னுக்கு இவ்வளவுன்னு ரெண்டு பக்கமும் ஒரே வேலைக்கு பில் போட்டுட்டா அதோட கதை முடிஞ்சுது, அதனால எடைச்சீட்டு மட்டும் பொது, பில் தனித்தனி. ஜி.எஸ்.டி.யையும் பாத்துக்கோங்க, கான்ட்ராக்டர் சொல்ற ரேட்டு எல்லாம் அது சேக்காம சொல்ற ரேட்டு.

இதெல்லாம் முடிஞ்சு கையெழுத்தாகற நேரத்துல எல்லாம் நின்னது எதுக்குன்னா ஒரு போர்டுக்கு. கம்பெனி பேரு போட்ட பலகையை அந்த இடத்துல வெக்கணும்னு அவங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள எந்த கம்பெனி பலகையும் கூடாதுன்னு வனத்துறை. கொஞ்சநாள் இதுலயே போச்சு. ரேஞ்சர்தான் செக்போஸ்ட்டுக்கு வெளிய ரோட்டோரமா வெச்சுக்கோங்கன்னு தீத்து வெச்சாரு, இப்ப அங்க வர்றவங்க எல்லாம் பலகையைப் பாத்துட்டு அந்தக் கம்பெனிதான் செக்போஸ்ட் கட்டுச்சுன்னு நினைச்சுக்கறாங்க.

வேலை நடந்தது காலை எட்டுல இருந்து சாயந்தரம் நாலு வரைக்கும், அதுக்கு மேல ஒரு வண்டியும் உள்ள நிக்கக்கூடாது. யானை நடமாட்டம்னு வாட்சர் சொன்னா அன்னிக்கு லீவு, ஆனா ஜே.சி.பி. வாடகை ஓடும், அதனால காண்ட்ராக்ட்ல மணிக்கணக்கு போடாம லோடு கணக்குன்னு போட்டது நல்லதாப் போச்சு. சலிச்ச மண்ணை விவசாயத்துக்குக் கேட்டாங்க, பழைய பேட்டரி பல்பு எல்லாம் கலந்த மண்ணு, டெஸ்ட் ரிசல்ட் வராம கொடுக்க முடியாதுன்னுட்டோம், சில பேருக்கு கோவம். பிளாஸ்டிக்கை கட்டு கட்டா அமுக்கி சிமெண்ட் ஃபேக்டரிக்கு எரிபொருளா அனுப்பணும், அவங்க ஈரம் பாப்பாங்க, மண்ணு ஒட்டியிருந்தா வண்டியையே திருப்பி அனுப்புவாங்க, அதனால வெயில்ல காய வெச்சு ரெண்டாவது தடவை சலிச்சுத்தான் அனுப்ப முடிஞ்சுது. இதுக்கான வண்டி வாடகையை எஸ்டிமேட்ல தனி வரியா போடுங்க, நாம சிமெண்ட் கம்பெனிக்கு காசு வாங்காம கொடுத்தாலும் கொண்டுபோய் சேர்க்கற செலவு நம்ம தலையிலதான்.

இப்ப மேடு காலி, ஓரத்துல இருந்த புறம்போக்குத் துண்டுல மட்டும் கொஞ்சம் பாக்கி, அதுக்கு பேரூராட்சி பொது நிதியில இருந்தே எடுத்துக்கறோம்னு சொல்லிருக்காங்க. மரம் வெக்கற கோரிக்கை டி.எஃப்.ஓ. ஆபீஸ்ல இருக்கு. கம்பெனி பக்கம் கடைசித் தவணை இன்னும் வரலை, பயன்பாட்டுச் சான்றிதழோட எல்லா எடைச்சீட்டும் ஒரிஜினலா வேணுங்கறாங்க, ஒரிஜினல் பேரூராட்சி ஃபைல்ல இருக்கு, அவங்க ஆடிட் முடியாம வெளிய தரமாட்டாங்க. ஈ.ஓ. கையெழுத்துப் போட்ட நகல் போதுமான்னு கேட்டு மெயில் போட்டிருக்கோம். இனி ஆரம்பிக்கறவங்க எடைமேடையில முதல் நாள்ல இருந்தே மூணு காப்பி அடிச்சு மூணுலயும் ஒரிஜினல் சீல் வாங்கி வெச்சுக்கோங்க.