ஏடிவிக்கு பிரேக் ஆயில் மாற்றினோம், உள்ளே மாட்டின காற்றுதான் போகமாட்டேன் என்றது

மச்சினனுக்குப் பெங்களூர் பக்கம் ஆனேக்கல் தாண்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கேழ்வரகு போடுகிறான், வரப்போரம் நாலு மாமரம். தீவனக் கட்டு இழுக்க, மருந்து டேங்க் ஏற்றிப்போக என்று இரண்டு வருடம் முன்னால் ஒரு பழைய ஏடிவி வாங்கினான். நாலு குண்டு டயர், ஒரே சிலிண்டர், முன்னால் இரண்டு டிஸ்க், பின்னால் ஆக்ஸிலில் ஒரு டிஸ்க். முன் பிரேக் வலது கை லீவரில், பின் பிரேக் காலில், இரண்டுக்கும் தனித்தனி ஆயில் டப்பா. ரோட்டில் ஓட்ட ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டுமென்றால் குட்டி லாரி பிடித்து ஏற்றிக்கொண்டு போகவேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்தே வாங்கியதிலிருந்து ஒரு சர்வீஸும் நடக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் போன் செய்தான். "மாமா, சரிவுல இறங்கும்போது லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துடுச்சு, பிரேக்கே இல்ல. வரப்புல முட்டித்தான் நின்னேன். பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா நல்லாப் பிடிக்குது."

அந்தக் கடைசி வரிதான் துப்பு. ஆயில் ஒழுகியிருந்தால் ஆறின பிறகு பிரேக் திரும்பி வராது. வந்தது என்றால் உள்ளே ஏதோ கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் ஆயில் தண்ணீரை இழுக்கும் ஜாதி, மூடியிருக்கிற சிஸ்டத்திலும் ரப்பர் ஹோஸ் வழியாக மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 4 என்பது பிரேக் ஆயிலில் ஒரு தரம், புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது கணக்கு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கணக்கே 155 டிகிரிதான். இவனோ தீவனம் ஏற்றிக்கொண்டு சரிவு முழுக்க லீவரை விடாமல் பிடித்தபடி இறங்குகிறவன். சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் சூடேறி ஆயிலில் ஆவிக் குமிழ் கிளம்பினால், அப்புறம் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் குமிழ்தான் அமுங்கும், டிஸ்க்கை அழுத்துகிற பேட் நகராது.

சரி, நாமே மாற்றுவோம் என்று கிளம்பினேன். என் பைக்குக்கு இரண்டு முறை செய்திருக்கிறேன் என்ற தைரியம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர்ஸ் கடைக்காரர் "யாவ காடி?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, ஏடிவி என்றதும் "அது எங்க சார் ஓட்றீங்க?" என்று தமிழுக்குத் தாவிவிட்டார். 250 மில்லி டாட் 4 இரண்டு பாட்டில் வாங்கினேன். அரை லிட்டர் பாட்டில் ஒன்றாக வாங்கினால் கொஞ்சம் மலிவு, ஆனால் திறந்த பாட்டில் அலமாரியில் உட்கார்ந்து ஈரம் குடிக்கும், அதை அடுத்த வருடம் ஊற்றுவதில் அர்த்தம் இல்லை. டப்பா மூடியிலேயே டாட் 4 என்று அச்சிட்டிருந்தது, அதனால் குழப்பம் இல்லை. டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான், இதோடு சேராது. பெயரில் ஒரு எண் கூடுதலாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் 20 மில்லி சிரிஞ்ச், மீன் தொட்டிக் கடையில் கண்ணாடி மாதிரி ட்யூப் ஒரு மீட்டர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பம். முதல் மூக்குடைப்பு டப்பா மூடியில். இரண்டு ஸ்டார் ஸ்குரூவும் துருப்பிடித்து, ஸ்குரூடிரைவர் வழுக்கத் தொடங்கியது. தலை தேய்ந்துவிட்டால் டிரில் போடவேண்டிவரும் என்று நிறுத்தி, டிரைவரைச் சரியாக உட்காரவைத்து பின்னால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, அப்புறம் திருப்பினால் 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது. உள்ளே பார்த்தால் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன், அதுவும் இரண்டாவது டிகாக்‌ஷன் இல்லை, முதல் கெட்டி டிகாக்‌ஷன். அடியில் வண்டல். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, பனியன் துணியால் துடைத்து, புது ஆயில் ஊற்றினோம். கேரியரில் ஒரு சொட்டு விழுந்ததை மச்சினன் கவனிக்கவில்லை, நான் பார்ப்பதற்குள் பெயிண்ட் சுருங்கத் தொடங்கியிருந்தது. அதற்கப்புறம் ஒரு மக் தண்ணீரும் ஈரத்துணியும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம், இந்த ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விட ஓட்டையுள்ள ஒரு சின்னத் திருகு உண்டு, அதுதான் நிப்பிள். அதற்கு ரப்பர் மூடி இரண்டு பக்கமும் இல்லை. இரண்டு வருட வயல் சேறு ஓட்டைக்குள் போய் செங்கல்லாகியிருந்தது. மச்சினன் மனைவியிடம் ஊக்கு வாங்கி, நிப்பிளைத் திறக்காமலே குடைந்து எடுத்தேன். 8 எம்எம் ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி அதற்கு மேல் ட்யூப் செருக வேண்டும், இந்த வரிசையை மறந்து ட்யூபை இரண்டு முறை கழற்றினேன்.

முதலில் சோம்பேறி வழி. ட்யூபின் மறுமுனையில் சிரிஞ்சை வைத்து இழுத்தேன். ஆயில் வருகிறது, கூடவே குமிழ், குமிழ், குமிழ். அரை மணி நேரம் இழுத்த பிறகுதான் உறைத்தது, அதில் பாதி காலிப்பருக்குள்ளிருந்து வரவே இல்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் மரை வழியாக வெளிக்காற்றையே நான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆயிலை வெளியே எடுக்க சிரிஞ்ச் நல்லது, காற்று போய்விட்டதா என்று பார்க்க அது உதவாது.

அதனால் பழைய முறைக்கு வந்தோம். அவன் லீவரை நாலு முறை அடித்துப் பிடிப்பான், நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், ஆயில் ஓடும், நான் மூடின பிறகுதான் அவன் கையை எடுக்கவேண்டும். இதில் ஒரு கூத்து. நிப்பிளைத் தளர்த்தியதும் நான் "விட்டாச்சு" என்பேன். அவன் காதில் அது 'விடு' என்று விழுந்து லீவரை விட்டுவிட்டான். ட்யூபில் இருந்த ஆயிலும் காற்றும் சர்ரென்று உள்ளே திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை நடந்திருக்கிறது, மூன்றாவதில்தான் எனக்குப் புரிந்தது. பிறகு நான் "திற", "மூடு" மட்டும் சொல்வது, அவன் "பிடிச்சிருக்கேன்" மட்டும் சொல்வது என்று ஒப்பந்தம். இடது சக்கரம் முதலில், லீவரோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் அதுதான் தூரம். அப்புறம் வலது. இரண்டிலும் டிகாக்‌ஷன் வெளுத்து வெளுத்து, தெளிந்த ஆயில் வந்தது. நாலைந்து அடிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்பினோம், அது காலியானால் மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

மாலை நாலு மணி. ட்யூபில் ஒரு குமிழ் கிடையாது. லீவர் மட்டும் பஞ்சு, அதாவது உள்ளே எங்கோ இன்னும் காற்று இருக்கிறது. நாலு முறை அடித்தால் கெட்டியாகிறது, விட்டுவிட்டுப் பிடித்தால் திரும்பவும் பஞ்சு. இன்னொரு நூறு மில்லி ஆயிலை வீணாக்கினோம். கடைசியில் லீவரை அமுக்கிப் பிடித்து சைக்கிள் ட்யூபால் ஹேண்டிலோடு கட்டிவிட்டு, பிரேக் வேலை முடியவில்லை, யாரும் எடுக்கக்கூடாது என்று சாவியை நான் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை கட்டை அவிழ்த்தால் கொஞ்சம் தேவலை, ஆனால் சரியில்லை. டப்பாவைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் மட்டம் சாய்ந்து நின்றது. வெளிப்பக்கம் விளிம்புவரை, உள்பக்கம் ஒரு விரல் குறைவு. அப்போதுதான் வண்டி நிற்கிற இடத்தையே பார்த்தேன். களம் வலப்பக்கமாகச் சரிகிறது. ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரில் மாட்டுகிற பான்ஜோ போல்ட் உள்பக்கம் இருக்கிறது, டப்பாவுக்கு வழிவிடும் ஊசித் துவாரம் வெளிப்பக்கம். அதாவது போல்ட் மேட்டில், துவாரம் பள்ளத்தில். காற்று மேட்டுக்குத்தான் போகும், அங்கே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது. நாங்கள் நேற்று முழுக்க இரண்டு அடி கீழே சக்கரத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தோம்.

வண்டியை அப்படியே திருப்பி நிறுத்தினோம். இப்போது வலப்பக்கம் மேடு, போதாததற்கு முன் வலது டயருக்கு அடியில் ஒரு செங்கல். மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு, லீவரை முழுக்க அமுக்காமல் நுனியை மட்டும் சுண்டிச் சுண்டி விட்டேன். முழுக்க அமுக்கினால் பிஸ்டன் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் போய் அடைத்துவிடும், வேகமாக விட்டால் ஆயில் முகத்தில் பீய்ச்சும். ஐந்தாவது சுண்டலில் ஒரு குமிழ் வந்தது, பிறகு சோடா மாதிரி வரிசையாக. பத்து நிமிடத்தில் லீவர் கல். மச்சினன் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா மாமா நேத்து சாப்பாடு கூட ஆறிப்போச்சு?" என்றான்.

நிப்பிளை இறுக்கி முறுக்க ஆசை வரும், வேண்டாம், சின்ன மரை, சட்டென்று முறிந்துவிடும். மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பரை மடிப்பில்லாமல் உட்காரவைத்து மூடினோம். முதலில் சமதரையில் நடை வேகத்தில், பிறகு காலி வண்டியில் சரிவு, பிறகு நாலு கட்டுத் தீவனத்தோடு. அடியில் போய் நிறுத்தி லீவரைப் பிடித்தபோது அதே இடத்தில் நின்றது. முழுக்க பிரேக்கிலேயே இறங்காதே, கியரில் இறங்கு என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான்.

பின் பிரேக் இன்னும் பாக்கி. அதன் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றி நிரப்பப் போனவனைத் தடுத்தேன், ஒழுகல் இல்லை, பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வந்து டப்பாவில் மட்டம் இறங்கும். பார்த்தால் பேட் பேப்பர் கனம்தான் இருக்கிறது. புது பேட் போட்டு, பிஸ்டனை உள்ளே தள்ளி, அதற்கப்புறம்தான் ஆயில். பேட் ஜே.சி. ரோட்டில் ஸ்டாக் இல்லை, சாம்பிள் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய ஆயிலை மண்ணில் கொட்டவேண்டாம் என்று பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பால்கனியில் இருக்கிறது, மனைவி அது எப்போது வெளியே போகும் என்று தினமும் கேட்கிறாள்.