ராயபுரம் மொட்டை மாடியில இருந்து ஜாக்கீஸ் ரிட்ஜ் வரைக்கும்

போன அக்டோபர்ல வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டு, பொண்டாட்டி பொண்ணு ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திக்கிட்டு நார்த் கரோலினாவுல ராலே பக்கத்து ஊரான கேரியில இருந்து, அதே ஸ்டேட்டோட கடலோர தீவு வரிசையான அவுட்டர் பேங்க்ஸ் கிளம்பினேன். ராலே பக்கம் இருக்குற நம்ம ஆளுங்களுக்கு இது ஒண்ணும் புது இடம் இல்ல, நாலு குடும்பம் சேர்ந்து பீச் வீடு எடுத்து, மசாலா தடவுன சிக்கன கூலர்ல வச்சு எடுத்துட்டு வந்து, மூணு நாளும் சமைச்சு சாப்ட்டு ரம்மி ஆடிட்டு திரும்பறதுதான் வழக்கம். நான் போனது காத்தாடி விட. டீம்ல ஒருத்தன் "காத்தாடி விட மூணரை மணி நேரம் டிரைவா, உங்க அபார்ட்மெண்ட் பின்னாடி கிரவுண்ட் இல்லையா"ன்னு கேட்டான். இருக்கு. சுத்தி மரமும் இருக்கு. அதுல ஒரு மரத்துல என்னோட மொத காத்தாடி இன்னும் தொங்கிட்டு இருக்கு.

நான் ராயபுரத்துக்காரன். சின்ன வயசுல மொட்டை மாடியில மாஞ்சா போட்டு டீல் போட்டவன், அதாவது காத்தாடி நூல அறுக்குற சண்டை, விரல்ல இப்பவும் கோடு இருக்கு. வஜ்ரம்ங்கற பசைய காய்ச்சி கண்ணாடித் தூள கலந்து நூல்ல ஏத்துறதுக்குள்ள வீட்டுல ரெண்டு அடி விழும். அப்புறம் அந்த மாஞ்சா ரோட்டுல பைக்ல போறவங்க கழுத்த அறுத்து உயிரெல்லாம் போய், போலீஸ் தடை போட்டாங்க, போட்டது சரிதான், எனக்கு அதுல ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா ஒரு பாடம் மட்டும் மனசுல நின்னுடுச்சு, ஓடுற நூல் நிக்கிற நூல அறுக்கும். அதனாலதான் எதிராளி நூல் மேல பட்டதும் கட கடன்னு நூல விடுவோம். இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இங்க வந்து பல வருஷம் கழிச்சு ஒரு பீச்ல ஒருத்தர் ரெண்டு கயிறு காத்தாடி விடுறத பார்த்தேன். ரெண்டு கையிலயும் ஒவ்வொரு கயிறு, வலது கைய இழுத்தா வலது பக்கம் திரும்புது, இடது கைய இழுத்தா இடது பக்கம், தரைக்கு ஒரு அடி மேல கத்தி மாதிரி கோடு போட்டு போகுது, காத்துல கிழியிற சத்தம் வேற. அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல 30 டாலருக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணேன். அதுதான் தப்பு. கனமான ஃபைபர் கிளாஸ் குச்சி, ரப்பர் மாதிரி நீளுற லைன், நான் கைய இழுத்து அரை செகண்ட் கழிச்சுதான் மேல அதுக்கு சேதி போகும், அதுக்குள்ள அது மரத்துக்கு போயிடுச்சு. அப்புறம் கார்பன் குச்சி போட்ட ரெண்டு கயிறு ஒண்ணு, அதுல ஒரு வருஷம் பழகி, போன கோடையில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல நாலு கயிறு காத்தாடி வாங்கினேன். போ டை மாதிரி இருக்கும், வால் கிடையாது, ஹெலிகாப்டர் மாதிரி நின்ன இடத்துல நிக்கும், பின்னாடி போகும். 1980கள் கடைசியில சான் டியேகோவுல ஹாட்ஸிக்கின்னு மூணு அண்ணன் தம்பிங்க கொண்டு வந்த டிசைன், ரெவல்யூஷன்னு பேரு.

ஹைவே 64ல நேரா கிழக்க போனா போதும். ராக்கி மவுண்ட் தாண்டினா பருத்தி வயல், அலிகேட்டர் ரிவர் தாண்டினா கரடி வரும் சிவப்பு ஓநாய் வரும்னு போர்டு, ரெண்டும் வரல. அப்புறம் வெர்ஜீனியா டேர் பாலம், 5 மைலுக்கு மேல தண்ணி மேலயே போகுது, பாலத்துலயே வண்டிய காத்து லேசா தள்ளிச்சு. பொண்ணு பயந்தா, எனக்கு சந்தோஷம்.

ஜாக்கீஸ் ரிட்ஜ் நாக்ஸ் ஹெட்ல இருக்கு. அங்க யார கேட்டாலும் தெரு பேர் சொல்ல மாட்டாங்க, மைல் போஸ்ட் 12ன்னுதான் சொல்வாங்க. பாலைவனத்துல ஒரு துண்ட வெட்டி கடலோரமா போட்ட மாதிரி மணல் மேடு, அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில உயிரோட நகருற மணல் மேட்டுலயே உசரம் இதுதான். 1973ல இத இடிச்சு வீடு கட்ட புல்டோசர் வந்தப்ப கரோலிஸ்டா பாம்னு ஒரு அம்மா போய் அதுக்கு முன்னாடி நின்னாங்க, 1975ல ஸ்டேட் பார்க் ஆச்சு. உள்ள போக காசு கிடையாது. கோடையில மணல் கொதிக்கும், வெறுங்காலோட போகாதீங்க.

சனிக்கிழமை காலையில மேல ஏறுறப்பவே தெரிஞ்சிருக்கணும். வடகிழக்கு காத்து, 20 மைல் வேகத்துக்கு மேல, மணல் துகள் முட்டியில ஊசி மாதிரி குத்துது. என்கிட்ட இருந்தது ஓட்டை இல்லாத சாதாரண துணி. பலமான காத்துக்கு துணியில வலை வச்ச வென்ட் மாடல் தனியா இருக்கு, காத்து கொஞ்சம் ஊடுருவி போயிடும், இழுப்பு குறையும். "ரெண்டு காத்தாடி எதுக்கு, ஒண்ணு போதும்"னு பொண்டாட்டி சொன்னத நம்பி வாங்காம விட்டேன். ஏத்துனதும் ஜிவ்வுன்னு போச்சு, ரெண்டு ஆள் சேர்ந்து இழுக்குற மாதிரி இழுப்பு, நான் குதிகால மணல்ல ஊணிக்கிட்டு பின்னாடி சாய்ஞ்சேன், என்னோட ராயபுரம் கை இருக்கே அது தானா வெடுக்குன்னு ஒரு சுண்டு சுண்டுச்சு. அது நேரா காத்தோட இழுப்பு அதிகமா இருக்குற நடுப்பகுதியில மூக்க கீழ போட்டு இறங்கி மணல்ல குத்துச்சு. டக்குன்னு ஒரு சத்தம். முன் விளிம்புல மூணு குச்சி சேர்ந்திருக்கும், அதுல நடு குச்சி போச்சு.

பக்கத்துல தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்னு பார்த்துட்டு இருந்தாரு, எழுபது வயசுக்கு மேல இருக்கும். வந்து உடைஞ்ச குச்சிய பார்க்கல, லைன பார்த்தாரு. பையில இருந்து பெரிய டெண்ட் முளை ஒண்ண எடுத்து மணல்ல மிதிச்சு இறக்கி, நாலு லைன் நுனியையும் அதுல மாட்டிட்டு, அந்தப் பக்கம் போய் நாலையும் ஒண்ணா இழுத்து பிடிச்சு காட்டுனாரு. ஒண்ணு மட்டும் மூணு விரல் நீளம் அதிகம். "இத வச்சுக்கிட்டு யார் விட்டாலும் கோணலாத்தான் போகும்"னாரு. புது லைன் மொத சில நாள் இழுபடும், முடிச்சு இறுகும், நாலும் ஒரே மாதிரி இழுபடாது, அதனால ரெண்டு தடவ விட்டதும் அளந்து பார்க்கணுமாம். வாங்கினதுல இருந்து நான் என் கைய திட்டிட்டு இருந்தேன்.

அவர்கிட்ட கேட்டதுல தெரிஞ்சுகிட்டது, துணி எதுவா இருந்தாலும் ரெண்டு சீசன் ஓடும், காசு போட வேண்டிய இடம் லைன். ஸ்பெக்ட்ரா இல்லைன்னா டைனீமாங்கற செயற்கை இழை, ரெண்டும் ஒரே ஜாதிதான், மொத சில நாள் இழுபட்டதுக்கு அப்புறம் அவ்வளவா நீளாது, நூல விட மெல்லிசு, சோப்பு தடவுன மாதிரி வழுக்கும். நாலு லைனும் ஆறேழு முறுக்கு முறுக்கிக்கிட்டாலும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு வேலை செய்யும், அதான் காத்தாடி வட்டமா சுத்துனாலும் கவலை இல்ல. ஒரே ஒரு எதிரி சூடு. சீக்கிரம் உருகிடும், அதனாலதான் நுனியில முடிச்சு போடுற இடத்துல உறை மாதிரி தடியா ஒரு கயிறு மாட்டியிருக்கு. நம்ம சூத்திரம் கட்டுற இடத்துக்கு இங்க பிரைடில்னு பேரு, ரெண்டு கயிறு காத்தாடியில அத அரை இஞ்ச் மூக்கு பக்கம் ஏத்துனா மெல்லிசான காத்துலயும் கிளம்பும்னு சொல்லி குடுத்தாரு. முளைய மறக்காம பிடுங்கி பையில போட்டாரு. "யாராவது வெறுங்காலோட ஓடி வருவாங்க"ன்னாரு.

ரிட்ஜ்ல ஹேங் கிளைடிங், அதாவது இன்ஜின் இல்லாத றெக்கையில தொங்கிக்கிட்டு பறக்க கத்துக்குற கூட்டம் ஒண்ணு சறுக்கிட்டு இருந்துது. அந்த றெக்கைக்கு மூலம் ஒரு காத்தாடிதான். பிரான்சிஸ் ரோகல்லோன்னு ஒரு இன்ஜினியர், 1948ல வீட்டு சமையல்கட்டு ஜன்னல் திரைய அவர் பொண்டாட்டி கெர்ட்ரூட் தைக்க, குச்சியே இல்லாத காத்தாடி செஞ்சாரு. ரிட்டயர் ஆனதும் இந்தப் பக்கமே வந்து குடியேறி இதே மேட்டுல பறந்தாரு. "பாத்தீங்களா, தைச்சது அந்த அம்மா, பேரு அவருக்கு"ன்னு என் பொண்டாட்டி சொன்னா. பதில் சொல்லல, திரைய நினைச்சு அந்த அம்மா என்ன திட்டுனாங்களோன்னுதான் யோசிச்சேன்.

குச்சி இல்லாம சும்மா இருக்க முடியாதே, மத்தியானம் ரைட் பிரதர்ஸ் மெமோரியல் போனோம், நாலு மைல் வடக்க. புல்வெளியில அவங்க கிளம்புன இடத்துல ஒரு பாறாங்கல், அங்கிருந்து நாலு தடவையும் இறங்குன இடத்துல நாலு கல்லு. 1903 டிசம்பர் 17ல மொத தடவ 12 செகண்ட், 120 அடி. கடைசி தடவ 59 செகண்ட், 852 அடி. மொத கல்லுக்கு பொண்ணு ஓடி போய் திரும்பி வந்து "அவ்ளோதானா"ன்னா.

எனக்கு அங்க புல்லரிச்சது வேற விஷயத்துக்கு. அவங்க இங்க வர்றதுக்கு முன்னாடி, 1899ல, அவங்க ஊரான ஒஹையோ டேட்டன்ல வில்பர் ரைட் அஞ்சடி அகலத்துக்கு ரெட்டை றெக்கை காத்தாடி ஒண்ணு செஞ்சு விட்டாரு. றெக்கைய முறுக்கி திருப்ப முடியுமான்னு பார்க்க. அதுல நாலு கயிறு, ரெண்டு குச்சி, ஒரு கைக்கு ஒண்ணு, குச்சிய சாய்ச்சா றெக்கை முறுகும். நாலு கயிறு ரெண்டு கை! என் வண்டி டிக்கியில உடைஞ்சு கிடந்ததும் அதே கணக்குதான். 1900ல கிட்டி ஹாக் வந்தப்பவும் மொத கிளைடர பெரும்பாலும் ஆள் ஏறாம காத்தாடியாத்தான் விட்டாங்க. இதெல்லாம் பொண்டாட்டிகிட்ட மூச்சு விடாம சொன்னேன், அவ "சரி, பசிக்குது"ன்னா.

சாயங்காலம் கடையில குச்சி கிடைச்சுது, ஒத்த குச்சியா விக்கிறாங்க, அது ஒரு நல்ல விஷயம்.

ஞாயித்துக்கிழமை காத்து தென்மேற்கு பக்கம் மாறி, மேட்டுக்கு மேற்க இருக்குற சவுண்ட்ங்கற உப்பங்கழி தண்ணி மேல இருந்து வழவழன்னு வந்துது, பத்து மைல் இருக்கும். மேட்டோட காத்தடிக்கிற பக்கம்தான் நிக்கணும், மறுபக்கம் இறங்கினா காத்து சுழி போடும், காத்தாடி குடிச்சவன் மாதிரி ஆடும். நாலு லைனையும் அளந்து சரி பண்ணியாச்சு. ஹேண்டில் ஒரு வளைஞ்ச கம்பி, மேல் நுனியில இருந்து முன் விளிம்புக்கு ஒரு லைன், கீழ் நுனியில இருந்து அடி விளிம்புக்கு ஒரு லைன். கட்டை விரல் இருக்குற மேல் நுனிய நம்ம பக்கம் சாய்ச்சா முன்னாடி போகும், கீழ் நுனிய நம்ம பக்கம் இழுத்தா பிரேக், இன்னும் இழுத்தா ரிவர்ஸ். கைய ஆட்டவே கூடாது, மணிக்கட்டுலதான் எல்லாம், அதுவும் மல்லிப்பூ கட்டுற அளவுக்குத்தான் அசைவு. எனக்கு இதுதான் வரல. டீல் போட்ட கை சுண்டத்தான் பார்க்கும்.

பொண்டாட்டிகிட்ட சும்மா பிடின்னு குடுத்தேன். அவளுக்கு மறக்குறதுக்கு பழைய பழக்கம் எதுவும் இல்ல. ரெண்டு தடவ குத்துனா, மூணாவது தடவ தலைக்கு மேல அஞ்சடி உயரத்துல அத அப்படியே நிறுத்திட்டா. பொண்ணு எண்ணுனா, பதினஞ்சு. "ரைட்ட விட மூணு செகண்ட் அதிகம்"னா, ஹேண்டில திருப்பி குடுக்கவே இல்ல. வென்ட் மாடல் என்ன விலைன்னு வேற கேட்டா.

கெஞ்சி வாங்கினேன். கொஞ்ச நேரத்துல எனக்கும் பிடிபட்டுச்சு. அடி விளிம்பு மணல தொடுற மாதிரி இறக்கி, நிறுத்தி, பக்கவாட்டுல நகர்த்தி, மறுபடி நிறுத்தி, கண்ணு கூட சிமிட்டல. அப்ப எனக்கு மேல்காத்து பக்கம் ஆறு வயசு இருக்கும் ஒரு பையன், டைனோசர் படம் போட்ட ஒத்த நூல் காத்தாடி, நூல் கண்ட அப்படியே கீழ போட்டுட்டு விட்டுட்டு இருக்கான். அவன் நூல் வந்து என் லைன் மேல படுது, பார்த்துட்டேன். கத்துறதுக்குள்ள அவன் இன்னும் நூல விட்டான், கட கடன்னு ஓடுது, என்னுது ஹோவர்ல அசையாம நிக்குது. பட்டுன்னு மேல் இடது லைன் போச்சு. காத்தாடி சுருண்டு மடங்கி ஓரமா விழுந்துது. பக்கத்துல போய் பார்த்தா நுனி அறுந்த மாதிரி இல்ல, உருகி குட்டியா முத்து மாதிரி உருண்டிருந்துது. மாஞ்சா கிடையாது, ஒண்ணும் கிடையாது, சாதா நைலான் நூல்.

பையனோட அம்மா ஓடி வந்து சாரி சாரின்னாங்க. நான் அந்தப் பையனுக்கு கை குடுத்தேன், அவனுக்கு எதுக்குன்னு புரியல. பின்னாடி இவ மணல்ல உக்காந்து விழுந்து விழுந்து சிரிக்கிறா. "ஏங்க, ராயபுரத்துல சொல்லிடாதீங்க."

திரும்புறப்ப அதே கடையில நிறுத்தி, புது லைன் செட் ஒண்ணு எடுத்தேன். கூடவே வென்ட் மாடல் ஒண்ணையும் இவ எடுத்து கவுண்டர்ல வச்சிருந்தா. நேத்து குச்சி இன்னைக்கு லைனான்னு கடைக்காரர் பார்த்தாரு, எப்படி அறுந்துச்சுன்னு கேட்டாரு. பாறையில உரசிடுச்சுன்னேன். அந்த மேட்டுல மருந்துக்கு கூட ஒரு பாறை கிடையாது. அது எனக்கு தெரிஞ்சத விட அவருக்கு நல்லாவே தெரியும், ஒண்ணும் சொல்லாம பில்ல போட்டாரு.