யுஎஸ்பி போர்ட் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்த கதை

வீட்டில் ஒரு பழைய மினி பிசியில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை யுஎஸ்பி 3 பெட்டியில் வைத்துச் சொருகி, அதற்கு பேக்கப் சர்வர் என்று பெருமையாகப் பெயரும் வைத்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் புரோகிராம் தொடங்கும். ஆபீஸ் வேலைக்கான விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள், அக்கா கல்யாண வீடியோ, அப்பா ஸ்கேன் பண்ணி வைத்த பத்திரங்கள் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். ஒருநாள் காலையில் பார்த்தால் டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகியிருந்தது. லினக்ஸின் மையமான கர்னலின் லாக்கைத் திறந்தால், எக்ஸ்எச்சிஐ (யுஎஸ்பி போர்ட்களை நடத்தும் கண்ட்ரோலர்) வழியாக இரண்டாம் எண் சூப்பர்ஸ்பீட் டிவைஸை ரீசெட் செய்கிறேன் என்ற வரி ராத்திரி முழுக்க நாலைந்து தடவை. முதல் சில தடவை ரீசெட் வேலை செய்திருக்கிறது, பேக்கப் ஒரு நிமிடம் உறைந்து நின்றுவிட்டு மறுபடி நகர்ந்திருக்கிறது. கடைசித் தடவை டிவைஸ் திரும்பி வரவே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து எஸ்டிபி என்று இருந்த டிஸ்க் எஸ்டிசி என்று புதுப் பெயரில் வந்து நிற்க, மவுன்ட் (டிஸ்க்கை ஃபோல்டராகக் காட்டும் இணைப்பு) மட்டும் செத்துப்போன எஸ்டிபியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

இந்தப் பிரச்சினையை யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில் "கேபிளை மாத்துங்க". மாற்றினேன். அடுத்த பதில் "பவர் பத்தல". இது 3.5 இன்ச் டிஸ்க், 12 வோல்ட் அடாப்டர் தனியாக இருக்கிறது, இருந்தாலும் வேறு அடாப்டர் வாங்கிப் போட்டேன். அப்புறம் சும்மா இருக்கும் டிவைஸைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பென்ட்டை அணைத்தேன். அப்புறம் யுஎஸ்பி 3 இணைப்பு சும்மா இருக்கும்போது தூங்கப் போகும் அந்த யு1, யு2 நிலைகள்மேல் சந்தேகம் வந்து, யுஎஸ்பிகோர் குவர்க்ஸில் (குறிப்பிட்ட டிவைஸுக்கு மட்டுமான விதிவிலக்குகள்) எல்பிஎம், அதாவது அந்தத் தூக்கம், வேண்டாம் என்று போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீபூட், இரண்டு ராத்திரி காத்திருப்பு. எதுவும் பலிக்கவில்லை.

கடைசியாக எல்லோரும் போடும் மந்திரம் ஒன்று உண்டு: யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் புதிய முறையான யூஏஎஸ்ஸின் டிரைவரை அந்தப் பெட்டிக்கு மட்டும் முடக்குவது. பூட் வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்று எழுதி, பெட்டியின் வெண்டர் எண், பிராடக்ட் எண், பக்கத்தில் யு என்று ஒரே ஒரு எழுத்து. போட்டேன், ஒரு வாரம் ரீசெட் ஒன்றுகூட இல்லை. விவரம் உள்ளவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் சரியாயிற்று என்று தெரியாத ஒன்று மறுபடி எப்போது கெடும் என்றும் தெரியாதே. எடுத்துவிட்டேன்.

நான் அதுவரை செய்துகொண்டிருந்த தப்பு, போர்ட் தானாக ரீசெட் ஆகிறது என்று நினைத்தது. லாக் வரியைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். கர்னல் சோர்ஸைத் திறந்து பார்த்த பிறகுதான் உறைத்தது: அந்த வரி எழுதப்படும்போது ரீசெட் செய்வது கர்னல்தான். வயர் ஆடி இணைப்பு போயிருந்தால் டிஸ்கனெக்ட் என்று வேறு வரி வரும். ஆக யாரோ ஒருவர் யுஎஸ்பி ரீசெட் டிவைஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார். யார்? அந்த ஃபங்ஷன்மேல் ஒரு கேபுரோப் (கர்னலுக்குள் வைக்கும் வேவுக்கண்ணி) வைத்து, ஸ்டாக் டிரேஸும், அதாவது யார் யாரைக் கூப்பிட்டார் என்ற வரிசையும், சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் பதில் இருந்தது. கூப்பிட்டது ஸ்கஸியின் (டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும் கர்னல் அடுக்கு) எரர் ஹேண்ட்லர் திரெட், அதற்குக் கீழே யூஏஎஸ்ஸின் டிவைஸ் ரீசெட் ஹேண்ட்லர், அதற்குக் கீழே நம்ம ஆள், அந்த ரீசெட் ஃபங்ஷன். எக்ஸ்எச்சிஐ ஒரு பாவமும் அறியாதது. மேலே ஏதோ ஒரு ஸ்கஸி கட்டளைக்குப் பதில் வரவில்லை, கெடு முடிந்தது, வேறு வழியில்லாமல் போர்ட்டை ரீசெட் செய்திருக்கிறார்கள். ரீசெட் என்பது இங்கே மருந்து, நான் இத்தனை நாள் மருந்துச்சீட்டைப் பார்த்து அதையே நோய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, எந்தக் கட்டளை? லாக்கில் ரீசெட் வரிக்கு மேலே யூஏஎஸ் அபார்ட் (கட்டளையைக் கைவிடும்) வரிகள் ஒரு கொத்தாக இருந்தன, எல்லாம் எழுதும் கட்டளைகள். ஆகவே எழுதும்போது திணறுகிறது, லோடு தாங்கவில்லை என்று முடிவு கட்டி, க்யூ ஆழத்தை (ஒரே சமயத்தில் வரிசையில் நிற்கும் கட்டளைகளின் எண்ணிக்கையை) குறைத்துப் பார்த்து இன்னும் நாலு நாள் வீணடித்தேன். அதிலும் பலனில்லை.

நடுவில் ஊருக்குப் போகவேண்டி வந்தது, நாலு நாள் மெஷினைத் தொடவில்லை. திரும்பி வந்து லாக்கில் ரீசெட் நேரங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். 1:48, 3:18. அடுத்த நாள் 2:18, 2:48. அதற்கடுத்த நாள் 1:18. எல்லாமே 18 அல்லது 48. இதற்கு முன் இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரீபூட் செய்ததில் நிமிடக் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கைவைக்காமல் விட்டதால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பது யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்-டி, அதன் இயல்பான இடைவெளி 1800 விநாடி. சிஸ்டம் லாக்கில் தேடினால், ரீசெட் இல்லாத பகல் நேரங்களில் வெப்பநிலை மாறியது என்று அது எழுதிய வரிகள் 17ஆம் நிமிடத்திலும் 47ஆம் நிமிடத்திலும் வரிசையாக இருந்தன. 17இல் கேட்கிறது, 18இல் ரீசெட். ஆனால் பகலில் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை, ராத்திரி பேக்கப் ஓடும்போது கேட்டால்தான் விழுகிறது. லோடும் வேண்டும், ஸ்மார்ட்-டியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதால்தான் பகலில் நான் எத்தனை ஜிபி எழுதிப் பார்த்தும் மாட்டவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு நொடியில் என் சோதனை ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே.

இது தெரிந்ததும் வேலை எளிது. ஒரு டெர்மினலில் டிடி (dd) கட்டளை வைத்துப் பெரிய ஃபைலை எழுதிக்கொண்டே, இன்னொன்றில் நொடிக்கு ஒருமுறை ஸ்மார்ட் விவரம் கேட்கும் ஒரு லூப். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பெட்டியின் விளக்கு அப்படியே நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை. "டிஸ்க் நின்னுடுச்சு!" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னவனை அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்து யுஎஸ்பிமான். இந்த மாட்யூலை ஏற்றினால் யுஎஸ்பி பஸ்ஸில் டிரைவர் அனுப்புவது, வாங்குவது எல்லாம் வரிவரியாக டெக்ஸ்டில் வரும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. யூஏஎஸ்ஸில் நாலு பைப்: கட்டளைக்கு ஒன்று, நிலை சொல்ல ஒன்று, தரவு உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. கட்டளை 32 பைட், அதில் 16ஆவது பைட்டிலிருந்து ஸ்கஸி கட்டளை தொடங்கும். எழுதும் கட்டளைகள் போகின்றன, பதில்கள் வருகின்றன, போகின்றன, வருகின்றன. நடுவில் 85 என்று தொடங்கும் ஒன்று போகிறது. 85 என்றால் ஏடிஏ பாஸ்-துரூ, அதாவது ஸ்கஸி உறைக்குள் போட்ட ஏடிஏ (டிஸ்க்கின் சொந்த மொழி) கடிதம். கடைசியில் 4எஃப், சி2, பி0 என்று ஸ்மார்ட்டின் கையெழுத்து அப்படியே தெரிகிறது. அதற்குப் பிறகு பதில் என்ற ஒன்றே இல்லை. அதற்கு முன்னால் போயிருந்த எழுதும் கட்டளைகளுக்கும் இல்லை, பின்னால் போனவற்றுக்கும் இல்லை. எல்லாம் -115, அதாவது "இன்னும் நடந்துகொண்டிருக்கிறது" என்றபடியே கிடக்கின்றன. நெடுநேரம் கழித்து எல்லாம் -2 என்று ரத்தாகின்றன, உடனே ரூட் ஹப்புக்கு ஒரு கண்ட்ரோல் கட்டளை: 23 03 0004 0001. ஒன்றாம் போர்ட்டை ரீசெட் செய் என்று அர்த்தம். நான் வாரக்கணக்கில் துரத்திய வரி அதுதான், கூட்டத்தில் கடைசியாக வந்தவன்.

லாக் ஏன் எழுதும் கட்டளைகளைக் காட்டிக்கொடுத்தது என்பதும் இப்போது புரிந்தது. சாதாரண படிக்கும், எழுதும் கட்டளைகளுக்குக் கெடு 30 விநாடி. ஆனால் பாஸ்-துரூ கட்டளைக்கு அதை அனுப்பும் புரோகிராமே கெடு குறிக்கும், ஸ்மார்ட் கருவி குறித்தது அதைவிட நீளம். ஆகவே பின்னால் மாட்டிக்கொண்ட அப்பாவிகள் முதலில் கத்தின, வழியை அடைத்தவன் கடைசி வரை வாயே திறக்கவில்லை. அபார்ட் வரிகளின் கொத்தில் கடைசியில் அந்த 85 இருந்தது, நான்தான் மேலே இரண்டு வரி படித்துவிட்டு மூடியிருக்கிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது என் ஊகம்தான், ஆனால் எல்லாம் பொருந்துகிறது. யூஏஎஸ் பல கட்டளைகளை ஒரே சமயத்தில் அனுப்பும், பெட்டியில் யுஎஸ்பியை டிஸ்க்கின் சாட்டா இணைப்போடு சேர்க்கும் பிரிட்ஜ் சிப் அவற்றை சாட்டா பக்கத்தில் என்சிக்யூவாக (பல கட்டளைகளை வரிசையில் வைக்கும் முறை) மாற்றி டிஸ்க்குக்குக் கொடுக்கும். ஸ்மார்ட் கட்டளை என்சிக்யூ வகை இல்லை. என்சிக்யூ கட்டளைகள் முடியாமல் கிடக்கும்போது மற்ற வகையை உள்ளே விடக்கூடாது, வரிசை காலியாகும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நேரடியாக சாட்டாவில் இருந்தால் கர்னலின் லிப்ஏடிஏவே அந்தக் காவலைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அது சிப்பின் ஃபர்ம்வேர் பொறுப்பு. இந்த ஃபர்ம்வேர் அதைச் செய்யவில்லை, அல்லது பாதி செய்கிறது. யூஏஎஸ்ஸை முடக்கியபோது ஏன் சரியானது என்பதற்கும் இதுவே விடை: பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜ் முறையில் ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, மோதிக்கொள்ள இரண்டாவது ஆளே கிடையாது.

கர்னல்காரர்களுக்கு இது புதிதில்லை. யூஏஎஸ் டிரைவர் 2014இல் 3.15 பதிப்பில் மறுபடி உயிர்பெற்ற பிறகு இப்படிப்பட்ட பெட்டிகளின் பட்டியல் ஒரு ஹெடர் ஃபைலில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பாஸ்-துரூ மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தனிக் கொடியே இருக்கிறது, குவர்க்ஸில் டி (t) என்ற எழுத்து. அதைப் போட்டால் 85 கட்டளை பெட்டிவரைக்கும் போகாது, டிரைவரே "இது செல்லாத கட்டளை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். மாட்யூல் கான்ஃபிக் ஃபைலில் எழுதி ரீபூட் செய்து லூப்பை ஓட்டினேன். மறுபடி ரீசெட்! அரை மணி நேரம் என் மொத்தக் கோட்பாடும் தப்போ என்று உட்கார்ந்திருந்துவிட்டு, கர்னல் தன் நடப்பு அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் போய் குவர்க்ஸ் மதிப்பைப் பார்த்தால் காலி. பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்ன ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறந்திருக்கிறேன், மாட்யூல் அங்கிருந்தே பழைய அமைப்போடு ஏறிவிட்டது. புதுப்பித்ததும் இரண்டு மணி நேரம் லூப் ஓடியது, ஒரு ரீசெட் இல்லை.

ஹெடர் ஃபைலுக்கு ஒரு பேட்ச் அனுப்பலாமா என்று யோசித்தேன். இதே வெண்டர், பிராடக்ட் எண் வேறு வேறு கடைகளின் பெட்டிகளில், வேறு வேறு ஃபர்ம்வேரோடு இருக்கிறது. என்னிடம் உள்ள ஒன்றை வைத்து எல்லோருடைய ஸ்மார்ட்டையும் பிடுங்க மனம் வரவில்லை. இன்னொரு பெட்டி கையில் கிடைத்தால் பார்க்கலாம்.

பிடுங்குவது என்றதும்தான் அடுத்த சிக்கல் மண்டையில் ஏறியது. டி போட்டால் ரீசெட் போகும், கூடவே டிஸ்க்கின் வெப்பநிலை, கெட்டுப்போன செக்டார் கணக்கு எல்லாம் போகும். பேக்கப் டிஸ்க்கில் எனக்கு முக்கியமே அதுதான். யூஏஎஸ்ஸால் எனக்கு என்ன லாபம்? சுழலும் டிஸ்க், பெரிய ஃபைல்கள், ஒரே ஆள் எழுதுகிறான். இரண்டு முறையிலும் நேரத்தை அளந்து பார்த்தேன், பேக்கப் முடியும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எஸ்எஸ்டியாக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

ஆகவே டியை அழித்துவிட்டு யு போட்டேன். ஆமாம், முதல் மாதமே போட்டு எடுத்த அதே யு. இந்த முறை இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு சேர்த்து.

இப்போதைய பூட்டில் ஸ்மார்ட்-டி 05க்கும் 35க்கும் எழுந்திருக்கிறது. நேற்று ராத்திரி 2:35க்கு வெப்பநிலை ஒரு புள்ளி ஏறியதாக எழுதியிருந்தது, பேக்கப் பாதியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். 2:36க்கு லாக்கில் ஒன்றும் இல்லை.